ஹால்ஸ்டாட் கட்டுரையில் உப்பு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏரி, அன்னப்பறவைகள், மர வீடுகள், எங்கே நின்றால் போட்டோ நன்றாக விழும் என்பது வரை எல்லாம் இருக்கிறது, உப்பைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. அது எப்படி சார்?

டாக்ஸ்டைன் மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஊரில் உழுது பயிரிட இடமே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஏரிக்கரையோரமாக ஒழுங்கான சாலையும் இல்லை, படகில்தான் போக்குவரத்து. இன்றைக்கும் ரயில் நிலையம் எதிர்க்கரையில்தான் இருக்கிறது, இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் போய்க் குடியேறியதே மலைக்குள் இருந்த உப்புக்காகத்தான். சுரங்கத்துக்குள் கண்டெடுத்த மரப்படிக்கட்டு ஒன்றின் மரம் கி.மு. 1344-இல் வெட்டப்பட்டது என்று ஆண்டு வளையங்களை வைத்துக் கணித்திருக்கிறார்கள். உப்பு எதையும் அழுக விடாது என்பதால் தோல் பைகள், துணிகள் எல்லாம் அப்படியே கிடைத்திருக்கின்றன. 1734-இல் ஒரு பழங்காலத் தொழிலாளியின் உடலே கிடைத்தது, அதன் அருமை தெரியாமல் புதைத்துவிட்டார்கள்!

அப்புறம் 1846-இல் சுரங்க அதிகாரி யோஹான் கேயோர்க் ராம்சாவர் மலைமேல் ஒரு பழைய இடுகாட்டைக் கண்டுபிடித்தார். அடுத்த 17 ஆண்டுகளில் ஆயிரத்துக்கு நெருக்கமான கல்லறைகளைத் தோண்டி, கிடைத்ததை எல்லாம் வண்ணப் படங்களாக வரையவும் ஏற்பாடு செய்தார். ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலத்துக்கே 'ஹால்ஸ்டாட் பண்பாடு' என்று பெயர் வந்தது இந்த இடுகாட்டால்தான். இதையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.

மண்டை ஓட்டு மண்டபத்தை 'திகில் அனுபவம்' என்று எழுதியிருப்பது சரியில்லை. கல்லறைத் தோட்டம் மிகச் சிறியது. புதியவர்களுக்கு இடம் விட, பழைய எலும்புகளை எடுத்து, மண்டை ஓடுகளை வெயிலில் வெளுக்க வைத்து, பெயரும் பூவும் இலையும் வரைந்து அடுக்கினார்கள். அப்படி வரைந்தவை 600-க்கும் மேல் இருக்கின்றன. உறவினர்கள் மரியாதையாகச் செய்த காரியம் அது, அதில் பயப்பட என்ன இருக்கிறது?

1997-இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்த ஊரின் நகலையே கட்டித் திறந்தார்கள். ஆயிரம் பேர் கூட இல்லாத ஊருக்குச் சில நாட்களில் பத்தாயிரம் பேர் வரை வந்து குவிகிறார்கள். 2023 ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கி, தினமும் வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், மாலை 5 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்து கூடாது என்று கேட்டார்கள். இது தெரிந்திருந்தால் 'இரண்டு மணி நேரம் போதும், படம் எடுத்துவிட்டுக் கிளம்பலாம்' என்று உங்கள் கட்டுரையாளர் யோசனை சொல்லியிருக்க மாட்டார். அவசரமாக வந்து போகிற அந்தக் கூட்டம்தான் அங்கே பிரச்சினையே. ஓரிரவாவது தங்கி, மறுநாள் காலையில் மேலே ஏறிச் சுரங்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்