தாயைக் காட்டாத குட்டிக்கு விளம்பரம் வேண்டாம்

நாய்க்குட்டி விற்பனை விளம்பரங்களை வெளியிடும் இணையத் தளங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

புகார் வந்ததும் நீங்கள் நீக்கிய விளம்பரம் மறுநாளே திரும்பி வந்துவிட்டது. குட்டிகள் படுத்திருக்கும் கட்டம்போட்ட போர்வை முதற்கொண்டு படம் அதேதான். தொலைபேசி எண் மட்டும் வேறு. "ஐந்து வாரக் குட்டிகள், எல்லா இனமும் கிடைக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்" என்ற வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அந்த ஒரு வரியே போதும், விளம்பரத்தை நிறுத்த. எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது; எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்கிறது. ஏழெட்டு இனங்களை ஒரே ஆள் விற்றால் அவர் பெரும்பாலும் தரகர். வீட்டுக்கே கொண்டுவருவதோ, குட்டி பிறந்த இடத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

போய்ப் பார்த்தால் தாய் கண்ணில் படும். பெட்டைக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டு முறை பருவம் வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு பருவத்தையும் விடாமல் இணைசேர்த்தால், பால் கொடுத்து இளைத்த உடம்பு தேறுவதற்குள் அடுத்த சினை. கம்பியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பற்கள், சிறுநீர் ஈரத்திலேயே நின்று புண்ணான பாதங்கள், நடக்க இடமில்லாமல் சுருண்டு வளர்ந்த நகங்கள். வேல்ஸில், விற்பதற்காகவே நாய்களை அடைத்துவைத்து ஈனவைக்கும் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியர் ஸ்பானியல் இனப் பெட்டைக்குக் கூண்டில் கிடந்தே இடுப்பு இறுகி, முதுகெலும்பு வளைந்திருந்தது. அதன் பெயரால் வழங்கும் சட்டம் 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைத் தரகர்கள் அங்கே வணிகமாக விற்க முடியாது. ஒரு நாடு சட்டமாக்கியதை உங்கள் தளம் விதியாக்க முடியாதா?

நாங்கள் கேட்பது இதுதான். பிறந்த இடத்தில் தாயோடு குட்டிகள் இருக்கும் காணொளி, பிறந்த தேதி, தாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் பொருத்தும் மைக்ரோசிப்பில் உள்ள 15 இலக்க எண், இவை மூன்றும் இல்லாத விளம்பரத்தை வெளியிடாதீர்கள். படம் போதாது, வேறொரு நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துவிடுகிறார்கள். காணொளியில் குட்டிகள் தாயைத் தேடிப் போவது தெரியும், பால் கட்டிய காம்புகள் தெரியும். சிப் எண்ணைப் பதிவு செய்துவைத்தால் அதே பெட்டை ஆறே மாதத்தில் மறுபடி ஈன்றிருப்பதை உங்கள் கணினியே காட்டிவிடும்.

பாவம் பார்த்து வாங்குகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக்குத்தான் போகிறது. பார்வோ என்ற குடல் நோய்க் கிருமி தொற்றிய குட்டிக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும். அதற்குள் விற்றவரின் எண் அணைந்திருக்கும். தடுப்பூசி அட்டையைப் புரட்டினால் மருந்துக் குப்பியின் தொகுதி எண் ஒட்டியிருக்காது, மருத்துவரின் முத்திரையும் இருக்காது. அந்தக் கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் அடுத்து வரும் குட்டிக்கும் ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "வளர்க்க முடியவில்லை, இலவசம்" என்று வரும் விளம்பரங்களை யாருமே சரிபார்ப்பதில்லை. கருத்தடை செய்யாத இனப் பெட்டை இலவசமாகக் கிடைக்கிறது என்றால் பண்ணைக்காரர் சும்மா இருப்பாரா? கருத்தடைச் சான்று இல்லாமல் அத்தகைய விளம்பரத்தை ஏற்காதீர்கள். வாங்குகிறவரின் வீட்டை நேரில் பார்க்கவும், சிப் பதிவைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்றவும், ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கவும் விளம்பரப் பக்கத்திலேயே வலியுறுத்துங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கட்டணம் வாங்கத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலையில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாயோடு காணொளி, பிறந்த தேதி, சிப் எண் இல்லாத குட்டிக்கு விளம்பரம் வேண்டாம் என்று பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். கட்டம்போட்ட போர்வை விளம்பரம் இதை எழுதும்போதும் உங்கள் தளத்தில் இருக்கிறது. தயவுசெய்து முதலில் அதை நீக்குங்கள்.

இப்படிக்கு,
மீட்கப்பட்ட நாய்களைப் பராமரிப்போர்