அப்பாவின் சினிமா நோட்டும் 31 மணி நேரமும்

அன்புள்ள கூட்டாளிகளுக்கு,

வெறுமனே நன்றி என்று தட்டி, கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டுவிட்டுப் போனால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவீர்கள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பேர் போடாதே என்று நீங்களே சொன்னதால் ஊரை வைத்துக் கூப்பிடுகிறேன். அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் 14 பேர். 2020 ஊரடங்கில், பார்க்கப் படமும் நேரமும் இருந்து பேசத்தான் ஆளில்லை என்று தவித்தபோது சேர்ந்த அரட்டைக் கூட்டம். எதற்கு வேண்டுமானாலும் சண்டை போடுவோம். பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் பாக்கியசாலிகளா, இரண்டு படமாக ஒரே மூச்சில் பார்த்தவர்களா என்று ஒரு சண்டை. தொண்ணூறுகளில் குதிரைச் சத்தம் கேட்டாலே நாங்கள் போர்வைக்குள் புகுந்துகொண்ட அந்த டிவி தொடரை இப்போது பார்த்தால் பயம் வருமா என்று இன்னொன்று. நடுவில் யாராவது ஒருவர் "சப்டைட்டில் முன்னாடி ஓடுது, என்ன செய்ய?" என்பார், படம் ஓட்டும் விஎல்சி செயலியில் எச் பொத்தானை அழுத்து, பின்னால் ஓடினால் ஜி என்று பதில் வரும், மறுபடி சண்டை தொடரும். அவ்வளவுதான் எங்கள் கணினி அறிவு என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் என் லேப்டாப் 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. 500 ஜிபி சுழலும் டிஸ்க், வயதும் ஆகிவிட்டது. பக்கத்துக் கடையில் காட்டினேன். ஃபார்மட் பண்ணித் தருகிறேன், உள்ளே இருப்பது வராது என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்கள். உள்ளே இருந்தது அப்பாவின் சினிமா நோட்டு.

அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2002இல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கி, தான் பார்த்த ஒவ்வொரு படத்தைப் பற்றியும் எழுதினார். விமர்சனம் எல்லாம் இல்லை. எந்த டூரிங் டாக்கீஸ், தரை டிக்கெட்டா பெஞ்சா, யாரோடு போனார், மழை வந்ததா. பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம், வயல் வரப்பில் ஓடுவார்களாம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த ஃபோல்டருக்கு இன்னொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். சரி, நினைத்ததோடு சரி.

ராத்திரி பதினொன்றரைக்கு உங்களிடம் புலம்பினேன். மதுரை அண்ணன் அனுப்பிய முதல் வரி இன்னும் மனப்பாடம்: "பேசாம ஆஃப் பண்ணும்மா. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கொஞ்சம் கொஞ்சமா கொல்ற." அண்ணா, அப்போது கோபம்தான் வந்தது. நான் அதற்குள் நாலு தடவை ஆன் செய்து பார்த்திருந்தேன், நடுவில் ஒருமுறை விண்டோஸே டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று கிளம்பியதையும் விட்டுவிட்டேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அந்தச் சரிபார்ப்பை ஓடவிடவே கூடாது, அது பழுதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று இருப்பதையும் மாற்றி எழுதிவிடும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கை நடுங்கியது. திட்டியதற்கு முதல் நன்றி.

நகல் எடுக்க அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்று வேண்டும் என்றதும், கோவைத் தம்பி தன் 1 டிபி டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டான். அதில் இருந்த அவனுடைய கல்யாண வீடியோவை எங்கே மாற்றி வைத்தாய் என்று கேட்டேன், இதுவரை பதில் இல்லை. டேய், சொல்லிவிடு.

பென் டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்தே கணினியைக் கிளப்பி, டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியை ஓடவிட்டோம். ஓடவிட்டோம் என்கிறேன், விரல் மட்டும்தான் என்னுடையது. அது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சாதாரணமாக நகல் எடுத்தால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது முதல் சுற்றில் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்டதைத் தாண்டிப் போய்விடுகிறது. எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகத் திரும்பி வந்து சுரண்டுகிறது. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போகவும் செய்தது, இரண்டு தடவை.

31 மணி நேரம். நான் இந்த மடலை எழுதுவதே அந்த 31 மணி நேரத்துக்காகத்தான். மதுரை அண்ணன் செய்யச் சொன்னதை எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் செய்தாகிவிட்டது. மீதி 30 மணி நேரமும் செய்வதற்கு ஒன்றும் இல்லை, திரையில் எண் ஏறுவதைப் பார்ப்பதைத் தவிர. அப்போது நீங்கள் முறை வைத்துக்கொண்டு என்னோடு பேசினீர்கள். முறை வைத்ததை எனக்குச் சொல்லவில்லை, பின்னால்தான் உளறினீர்கள். சேலம் அக்கா விடியற்காலை மூன்று மணிக்கு, கிளைமாக்ஸில் மட்டும் மழை பெய்கிற படங்களைப் பட்டியல் போடலாமா என்று கேட்டார். கம்ப்யூட்டரைக் கண்டாலே ஒதுங்கும் ஆள் அவர். தனக்கு உதவத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டாராம். அக்கா, 62 சதவீதத்தில் எண் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றதே, அப்போது நான் அந்தப் பிளக்கைப் பிடுங்காமல் இருந்தது உங்கள் மழைப் பட்டியலால்தான்.

முடிவில் 99.98 சதவீதம் வந்தது. கோப்பைத் திறந்தால் எல்லாம் கிறுக்கல், ஐரோப்பிய எழுத்துகள் தலையில் கொம்போடு வரிசையாக நின்றன. அழுதே விட்டேன். டொராண்டோ அக்கா, திரையைப் பிடித்து நான் அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது பழுதில்லை பிள்ளை, பழைய எழுத்து முறை. பாமினியும் இல்லை, எங்கட ஆக்கள் அடிச்சது மாதிரித் தெரியேல்ல, டிஸ்கியாத்தான் இருக்கும்" என்றார். இன்று எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடு என்ற பொது முறை பரவுவதற்கு முன், பாமினி, டிஸ்கி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியாக்கத்தில், அதாவது எழுத்தைக் கணினியில் பதியும் முறையில், அடித்த காலம் அது. லினக்ஸில் கூடவே வரும், குறியாக்கத்தை மாற்றித் தரும் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரிந்திருந்தது, ஒரே வரிக் கட்டளையில் அப்பா தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். 11 கோப்புகள் மட்டும் அடம்பிடித்தன. 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாப் குறியாக்கத்துக்கு அப்பா நடுவில் ஒருமுறை மாறியிருக்கிறார், காரணம் அவருக்கே வெளிச்சம். அதில் 'கொ' என்று வர முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே எழுத்து அடுக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். இதை எல்லாம் வரிசை மாற்ற ஒரு நிரல் எழுதிய தம்பி, வேலைக்கு லீவு போட்டானாம். உன் மேனேஜர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இனி மூன்று இடத்தில் நகல் இருக்கிறது. ஒன்று சேலத்தில், அக்காவின் நகை டப்பாவுக்குப் பக்கத்தில்.

வராமல் போன அந்த 0.02 சதவீதத்தில் அப்பாவின் ஒரு கோப்பும் மாட்டியிருக்கிறது. ஒரே ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு, 4096 பைட், ஏறக்குறைய இரண்டு பக்கம். அதற்கு முன்னால் இப்படி நிற்கிறது: "கல்யாணம் ஆகி முதல் படம். இரட்டை வேடம். மூன்றாவது இடைவேளையில் காற்றடித்துக் கொட்டகைக் கீற்று பறந்தது. அவள் சிரித்தாள். படத்தின் பெயர்". பிறகு வெறும் இடம், அதற்குப் பிறகு வேறு படம். அம்மாவிடம் கேட்டேன். கீற்று பறந்தது ஞாபகம் இருக்கிறது, படம் ஞாபகம் இல்லை என்கிறார். கல்யாணம் 1971 ஆவணியில், மன்னார்குடிப் பக்கம். டூரிங் டாக்கீஸுக்குப் படம் வந்து சேர ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சேலம் அக்கா ஏற்கெனவே ஏழு படம் சொல்லிவிட்டார், அம்மா ஏழுக்கும் உதட்டைப் பிதுக்கிவிட்டார். யாருக்காவது தட்டுப்பட்டால் எந்த நேரமானாலும் எழுப்புங்கள்.

உங்கள்,
திருச்சிக்காரி