லூப்பைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய டிரான்ஸ்மிஷன் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெலிபோன், நெட்வொர்க் வேலைகளைப் பார்ப்பவன் எழுதுகிறேன். எங்கள் பிஆர்ஐ லைன் (ஒரே இணைப்பில் பல பேச்சுகளைக் கொண்டுவரும் டிஜிட்டல் டெலிபோன் லைன்) புகார் உங்களுக்குப் புதிதல்ல. போன வாரமும் "சரிசெய்யப்பட்டது" என்று எஸ்எம்எஸ் அனுப்பி மூடினீர்கள். சரியாகவில்லை.

துணைமின் நிலையத்தில் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய நாளிலிருந்து இந்தத் தொல்லை. பேச்சுக்கு நடுவே 'டிக்' சத்தம் கேட்கிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஃபேக்ஸ்தான் தாங்கவில்லை. எங்கள் ஜப்பான் பையர் அளவு அட்டவணையை இன்னும் ஃபேக்ஸில்தான் அனுப்புகிறார். ஒரு பக்கம் வந்து முடிவதற்குள் இரண்டு இடத்தில் வரி காணாமல் போகிறது. கடைசியாகப் போனது மார்புச் சுற்றளவு. கட்டிங் மாஸ்டர் தாளைப் பிடித்தபடி நிற்க, மெர்ச்சண்டைசர் ஜப்பானுக்குப் போன் போட்டு ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு எழுதினார். அந்தப் போனிலும் டிக், டிக். 52ஆ 62ஆ என்று அவர் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் ஆட்களைக் குறை சொல்லவில்லை, மரியாதையாகத்தான் வருகிறார்கள். தெருமுனையில் இருக்கும் உங்கள் பெட்டியிலேயே லூப் போட்டு, அதாவது அனுப்பியதை அப்படியே திருப்பிவிட்டு, டெஸ்டரை மாட்டி, "எல்லாம் பச்சைங்க, ஒரு எரர்கூட இல்லைங்க" என்கிறார்கள். எப்படி இருக்கும்? டெஸ்டரிலிருந்து போகிற பேட்டர்னுக்கும் திரும்பி வருகிற பேட்டர்னுக்கும் ஒரே கிளாக், அதாவது பிட்டுகளின் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம். தன் வாட்சைத் தன் வாட்சோடு ஒப்பிட்டு நேரம் சரி என்பது போலத்தான் இது. கார்டும் ஃபைபரும் நன்றாக இருப்பதை அந்தச் சோதனை காட்டும். கிளாக் பற்றி வாயே திறக்காது.

எங்கள் ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸுக்குள் இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) உங்கள் பெட்டியின் கிளாக்கைத்தான் பின்பற்றுகிறது. அதனால் எங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே தகராறே இல்லை. பெட்டிக்கும் அதற்கு மேலே இருக்கும் நெட்வொர்க்குக்கும்தான் ஒத்துப்போகவில்லை. மேலிருந்து வரும் ரெஃபரன்ஸ் கிளாக் போனபோது பெட்டி ஹோல்டோவருக்குப் போய் (கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து ஓடி), பிறகு ஃப்ரீ ரன்னிலேயே (எதையும் பின்பற்றாமல் தன் சொந்தக் கிளாக்கிலேயே) தங்கிவிட்டது என்று சந்தேகிக்கிறேன். ஃப்ரீ ரன்னில் பத்து லட்சத்துக்கு 4.6 பங்கு வரை விலகத் தரநிலையே இடம் தருகிறது. அந்த அளவுக்கு விலகினால் 27 நொடிக்கு ஒரு ஸ்லிப், அதாவது இரு பக்க வேகமும் ஒத்துப்போகாததால் வரும் சறுக்கல். ஒவ்வொன்றிலும் 125 மைக்ரோ செகண்ட் நீளமுள்ள தரவுத் துண்டு (ஃபிரேம்) ஒன்று போகும், அல்லது இரண்டு முறை வரும். ஃபேக்ஸில் பக்கத்துக்கு இரண்டு ஓட்டை விழும் கணக்கு இதோடு பொருந்துகிறதா, பாருங்கள். மிகத் துல்லியமான சீசியம் அணுக் கிளாக் தரத்தில் இரு பக்கமும் ஓடினால், மோசமான நிலையிலும் 72 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான்.

ஆகவே, லூப்பைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பெட்டி எந்த ரெஃபரன்ஸில் பூட்டி நிற்கிறது, ஸ்லிப் கவுண்டர் என்ன காட்டுகிறது என்று எழுத்தில் தாருங்கள்.

5ஜி டவர்களை 1.5 மைக்ரோ செகண்டுக்குள் ஒத்திசைக்கத் தெரிந்த காலம் இது. ஒரு தெருமுனைப் பெட்டி மணி பார்க்காமல் கிடக்கிறது. புகாரை மூடியதும் ஐந்து நட்சத்திரம் கேட்டு வரும் எஸ்எம்எஸ் மட்டும் நேரம் தவறுவதே இல்லை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி கேபிள் அறுந்தால்கூட நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை, அது உங்கள் கையில் இல்லை. இது உங்கள் கையில்தான் இருக்கிறது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் ஆபீஸைத் திறந்து வைக்கிறோம். லூப் இல்லாமல், நல்ல ரெஃபரன்ஸ் கிளாக்கோடு ஒப்பிட்டு ஒரு முறை அளந்து பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவர்