நார் அட்ரினலின் ஆம்பூலின் புது லேபிள் பற்றிப் புகார்

அனுப்புநர்:
செவிலியர் பொறுப்பாளர்,
தீவிர சிகிச்சைப் பிரிவு,
தனியார் மருத்துவமனை, காரைக்குடி.

பெறுநர்:
தரக் கட்டுப்பாட்டு மேலாளர்,
ஊசி மருந்துப் பிரிவு.

பொருள்: நார் அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை ஏற்றுவது), ஆன்டன்செட்ரான் (வாந்தியை நிறுத்துவது) ஆகிய இரு மருந்துகளின் ஆம்பூல்கள், அதாவது சிறு கண்ணாடிக் குப்பிகள், ஒரே மாதிரி இருப்பது.

ஐயா / அம்மா, வணக்கம்.

உங்கள் ஊசி மருந்துகளை ஆறு வருடமாக வாங்குகிறோம். மருந்தில் எனக்குக் குறை இல்லை. லேபிளில்தான் குறை. அந்த லேபிளால் போன மாதம் என் கண் முன்னால் ஓர் உயிர் போயிருக்கும்.

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, மேல் பி.பி. 70-க்கு வந்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும் சமையலுக்கு வருகிற பெண்ணும் மட்டும்தான். இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் பலர் இப்படித்தான் நேரம் கடந்து வந்து சேருகிறார்கள். சலைன் ஏற்றியும் பி.பி. ஏறவில்லை. டாக்டர் நார் அட்ரினலின் தொடங்கச் சொன்னார். இப்படித் தொற்றால் பி.பி. சரிகிற செப்டிக் ஷாக்கில் முதலில் எடுக்கிற மருந்து அதுதான். சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் ஓட ஓட, அந்தச் சராசரி மெல்ல ஏறி 65-ஐத் தொட்டது.

இந்த மருந்து உடம்பில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. சிரிஞ்ச் தீர்ந்துவிட்டால் பி.பி. உடனே சரியும். அதனால் அடுத்த சிரிஞ்சுக்கான ஆம்பூலைக் கட்டில் பக்கத்து ட்ரேயிலேயே எடுத்து வைத்திருப்போம்.

இரவு இரண்டரை மணி இருக்கும். "வயித்தப் பெரட்டுது ஆத்தா" என்றார் ஆச்சி. டாக்டர் ஆன்டன்செட்ரான் போடச் சொன்னார். ஸ்டாஃப் நர்ஸ் ட்ரேயிலிருந்து ஆம்பூலை எடுத்து, கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்துவிட்டார். ஊசி போடும் முன் இன்னொருவர் ஆம்பூலை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் வழக்கம். அன்றைக்குப் படித்தது நான். காலி ஆம்பூலை டார்ச் வெளிச்சத்தில் திருப்பினேன். 'நார்' என்று இருந்தது. சிரிஞ்சின் நுனி அதற்குள் கையில் குத்தியிருந்த கேனுலாக் குழாயின் வாய்க்குப் போயிருந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆச்சி அறுபது கிலோ. நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் ஓர் ஆம்பூல் ஐந்தரை மணி நேரம் வரும். அதை ஒரே அழுத்தில் ஏற்றியிருந்தால் பி.பி. எகிறி மூளையில் ரத்தம் கசிந்திருக்கலாம், இதயத் துடிப்பு தறிகெட்டிருக்கலாம்.

இப்போது லேபிளுக்கு வருகிறேன். முன்பு நார் அட்ரினலினுக்குச் சிவப்பு எழுத்து, ஆன்டன்செட்ரானுக்குப் பச்சை. நான்கு மாதமாக வருகிற சரக்கில் இரண்டுக்கும் வெளிர்நீலம். இரண்டும் பழுப்புக் கண்ணாடி, இரண்டும் 2 மி.லி., இரண்டிலும் பெரிதாக '4 மி.கி.'. மருந்தின் பெயர் மட்டும் எறும்பு அளவில். ஸ்பிரிட் பட்ட கையால் தொட்டால் அதுவும் கலைகிறது.

அந்த 4 மி.கி.யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது நார் அட்ரினலின் பைடார்ட்ரேட் என்ற உப்பின் மொத்த எடை. நார் அட்ரினலினாக மட்டும் கணக்கிட்டால் 2 மி.கி.தான். ஒரு டாக்டர் உப்பின் எடையை வைத்தும் இன்னொருவர் நார் அட்ரினலின் எடையை வைத்தும் எழுதினால் டோஸ் இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். மதுரைக்கு மாற்றும் நோயாளிகளுக்குக் குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு தடவையும் போன் செய்து உறுதி செய்கிறோம். அந்த 2 மி.கி. கணக்கையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் மறுநாளே சொன்னேன். "லேபிள் எல்லாம் சட்டப்படிதான் இருக்கு சிஸ்டர், பார்த்துப் போடணும்" என்றார். பார்த்ததால்தான் ஆச்சி பிழைத்தார். ஆனால் பதினாறு மணி நேர டியூட்டியில், மங்கல் வெளிச்சத்தில், பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் ஒரு நர்ஸை வைப்பது உங்கள் தவறு. அந்தப் பெண் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள்மேல் பழி போட நான் விடமாட்டேன்.

நார் அட்ரினலினுக்குத் தனி நிறமும், கழுத்தில் தனி வளையமும், கலையாத மையும் வேண்டும். அப்படி வரும்வரை பழைய லேபிள் சரக்கைக் கொடுங்கள், இல்லையென்றால் எச்சரிக்கை ஸ்டிக்கராவது ஒட்டி அனுப்புங்கள். இதே சரக்கு போன மற்ற மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எங்கள் பிரிவில் இருப்பதுபோல் படித்துப் பார்க்க இன்னொரு ஆள் இல்லாத இடங்களும் இருக்கின்றன. இந்தச் சம்பவத்தைப் பெயர் விவரம் இல்லாமல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவித்திருக்கிறேன்.

இரண்டு ஆம்பூல்களையும் பக்கத்தில் வைத்து எடுத்த படமும் பேட்ச் எண்களும் இணைப்பில் உள்ளன. மீதமுள்ள 38 ஆம்பூல்களை ஒரு டப்பாவில் போட்டுச் சிவப்பு பிளாஸ்திரி ஒட்டிப் பூட்டி வைத்திருக்கிறேன். பத்து நாளுக்குள் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொண்டு, மாற்றுச் சரக்கும் எழுத்துப்பூர்வமான பதிலும் தர வேண்டும்.

இப்படிக்கு,
செவிலியர் பொறுப்பாளர்