பங்கு வேண்டாம் என்ற ஒலிப்பதிவாளர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ராக் இசைக் கட்டுரையில் ஸ்டீவ் ஆல்பினிக்கு ஒரே வரிதான் கிடைத்திருக்கிறது: அமெரிக்க ராக் குழுவான நிர்வானாவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவர். அவர் நல்ல எழுத்தாளரும்கூட. அந்த எழுத்தை விட்டுவிட்டால் அவர் செய்த தொழிலும் பிடிபடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர் ஆல்பினி. 'பிக் பிளாக்' என்ற பங்க் குழுவை நடத்தியபடியே சிறு இசைப் பத்திரிகைகளில் எழுதிவந்தார். 1993இல் 'தி பேஃப்ளர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இசைக்கலைஞர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. நான்கு பேர் கொண்ட ஒரு கற்பனைக் குழு பெரிய கம்பெனியில் ஒப்பந்தம் போடுகிறது; முன்பணம் 2,50,000 டாலர். மேனேஜர், வக்கீல், ஸ்டூடியோ, வீடியோ, சுற்றுப்பயணம் என்று ஒவ்வொரு செலவாக ஆல்பினி கழித்துக்கொண்டே போகிறார். இசைத்தட்டு இரண்டரை லட்சம் பிரதி விற்கிறது. இசைத்தொழிலுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் வருமானம். குழுவோ ராயல்டிக் கணக்கில், அதாவது விற்பனையில் கிடைக்கும் பங்குக் கணக்கில், 14,000 டாலர் கடனில் நிற்கிறது. ஆளுக்கு மிஞ்சியது 4,031 டாலர் 25 சென்ட். கடையில் வேலை பார்த்திருந்தால் இதைப்போல மூன்று மடங்கு சம்பாதித்திருப்பார்கள்.

அந்தக் கணக்கில் தயாரிப்பாளருக்குப் போவது 90,000 டாலர். அது ஆல்பினியே உட்காரக்கூடிய நாற்காலி. ஆனால் அவர் அதில் உட்கார மறுத்தார். அதனால்தான் அவர் எழுத்தை நான் நம்புகிறேன்.

'இன் யூட்டரோ' பதிவுக்கு முன் நிர்வானாவுக்கு எழுதிய கடிதத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். விற்பனையில் ஒன்று அல்லது ஒன்றரை சதவீதத்தைத் தயாரிப்பாளர் ராயல்டியாகக் கேட்பதுதான் வழக்கம். முப்பது லட்சம் பிரதி விற்றால் அது நான்கு லட்சம் டாலர் அளவுக்கு வரும். அது குழுவின் பணம், எனக்கு வேண்டாம். பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள், போதும் என்றார். 1993 பிப்ரவரியில் மினசோட்டாவில் ஏறத்தாழ இரண்டே வாரத்தில் பதிவு முடிந்தது. வாங்கியது ஒரே தொகை, ஒரு லட்சம் டாலர். கம்பெனிக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. சில பாடல்களின் ஒலிக்கலவையை வேறொருவரைக் கொண்டு மாற்றினார்கள். அதன்பின் சில காலம் பெரிய கம்பெனிகள் அவரை அண்டவில்லை. சின்னக் குழுக்களோ இவருக்கு நம்மால் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று ஒதுங்கின. கையில் காசில்லாமல் திண்டாடினார். அப்போதும் பங்கு கேட்கும் வழக்கத்துக்கு அவர் போகவில்லை.

1997இல் சிகாகோவில் 'எலக்ட்ரிக்கல் ஆடியோ' ஸ்டூடியோவைத் திறந்தார். ஒலிக்காகச் சுடாத மண் செங்கல்லில் எழுப்பிய சுவர்கள், கடைசிவரை டேப்பிலேயே பதிவு. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் அவரிடம் பதிவு செய்தார்கள். பெயரே கேள்விப்படாத எத்தனையோ குழுக்களும் செய்தன. யார் வந்தாலும் அதே உழைப்பு.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். எண்பதுகளில் தன் இன்னொரு குழுவுக்கு வன்புணர்வைக் குறிக்கும் பெயரை வைத்தார். சீண்டுவதற்காகவே கொடூரமாக எழுதினார். 2021இல் அதையெல்லாம் வெளிப்படையாகத் தவறென்று ஒப்புக்கொண்டார். முப்பது வருடம் தாமதம்தான், ஆனாலும் சப்பைக்கட்டு கட்டவில்லை. 2014இல் மெல்போர்ன் உரையில், இணையம் வந்து பழைய சிக்கலைத் தீர்த்துவிட்டது என்றார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று ஸ்ட்ரீமிங்கில் கலைஞன் கைக்கு வரும் சில்லறையைப் பார்த்தால், 1993 கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

2024 மே 7 அன்று 61 வயதில் மாரடைப்பால் காலமானார். அவருடைய 'ஷெல்லாக்' குழுவின் புதிய ஆல்பம் பத்து நாள் கழித்து வெளியானது.

உரிய அனுமதி பெற்று அந்த 1993 கட்டுரையைத் தமிழில் வெளியிடுங்கள். அந்த வரவுசெலவு அட்டவணையில் ஒரு வரியும் குறையாமல், முழுதாக.

அன்புடன்,
ஒரு வாசகர்