உரைத் தேர்வுக் குழுவினருக்கு, அந்தச் சின்ன அறையைப் பற்றி

சமூகக் கணினி மாநாடுகளை நடத்துகிற நண்பர்களுக்கும், உரைகளைத் தேர்ந்தெடுக்கிற குழுவினருக்கும் வணக்கம்.

முதலில் நன்றி. சம்பளம் எதுவும் இல்லாமல், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு முன்மொழிவாகப் படித்து மதிப்பெண் போடுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும், இரண்டு மாநாடுகளில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அட்டவணையில் தொழில்நுட்ப உரைகள் ஒரு பக்கம், சக ஆட்களோடு எப்படி வேலை பார்ப்பது, எப்படி எழுதுவது என்பதைப் பேசுகிற தொழில்திறன் உரைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்து, முன்னதைப் பெரிய அரங்கத்துக்கும் பின்னதைக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சின்ன அறைக்கும் அனுப்புகிறீர்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

அப்படி ஒரு சின்ன அறையில் நான் கேட்ட உரை கோட் ரிவியூ பற்றியது, அதாவது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் குறிப்பு எழுதுவது. பேசியவர் முதல் ஸ்லைடிலேயே, தான் ஒரு ஜூனியரின் நிரலுக்கு எழுதிய குறிப்பைப் போட்டார்: "இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?" அவ்வளவுதான். அவர் உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். படித்தவரோ திட்டு விழுந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த பகுதியையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டார். அடுத்த ஸ்லைடில் அதே குறிப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று காட்டினார்: "இந்த லூப் ஒவ்வொரு சுற்றிலும் டேட்டாபேஸைத் தொடுகிறது, நூறு வரிசைகள் இருந்தால் நூறு குவெரி போகும். வெளியே எடுத்தால் ஒன்றிலேயே முடியும் என்று நினைக்கிறேன். இப்படி வைத்ததற்குக் காரணம் இருந்தால் சொல்லுங்கள், அப்படியே விடலாம்." அந்த மூன்று வரிகளில், ஒரே தடவையில் கேட்க முடிவதை டேட்டாபேஸிடம் நூறு தடவை கேட்காதே என்ற பாடமும் இருந்தது, சக மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பதும் இருந்தது. இதை எந்தப் பக்கத்து அட்டவணையில் போடுவீர்கள்?

அறையில் இருந்த நாற்காலிகள் போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள், கதவைச் சாத்த முடியவில்லை. கேமரா பெரிய அரங்கத்துக்கு மட்டும்தான் என்பதால் பதிவும் கிடையாது. அதே நேரத்தில் பெரிய அரங்கத்தில் ஒரு ஸ்பான்சரின் தயாரிப்பு டெமோ ஓடிக்கொண்டிருந்தது, அது மட்டும் நல்ல தெளிவான வீடியோவாக இன்றும் இருக்கிறது. எனக்கு அதில் இன்னமும் வருத்தம்தான். அன்று இரவு அறைக்குத் திரும்பி, அந்த மாதம் நான் எழுதிய ரிவியூ குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே வரியில், கேள்விக்குறியோடு இருந்தன.

தொழில்திறன் என்பது 'மென்மையான' சமாச்சாரம், பாதுகாப்பு, சர்வர் மாதிரி கனமானதல்ல என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலில் கள்ளக்கதவு, அதாவது திருட்டுத்தனமாகக் கணினிக்குள் நுழைய ஒளித்து வைத்த வழி, கண்டுபிடிக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் நிரலர், தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டியதால் அது வெளியே வந்தது. ஆனால் அந்தக் கதவு உள்ளே வந்த விதம்? தனியாளாகத் திட்டத்தைப் பராமரித்து வந்தவர் சோர்ந்துபோயிருந்த நேரத்தில், திட்டத்தின் மின்னஞ்சல் மடற்குழுவில் சில பெயர்கள் வந்து 'ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று நெருக்கின, இன்னொரு பெயர் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கையைப் பெற்றது. எவ்வளவு நல்ல கம்பைலர் இருந்தாலும் அதைப் பிடித்திருக்காது. 'பராமரிப்பாளர் எப்படி முடியாது என்று சொல்வது, யாரிடம் எப்போது பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது' என்று ஒருவர் உரை கொடுத்தால், அதுதான் பாதுகாப்பு உரை. பெரிய அரங்கத்தில் வையுங்கள்.

இன்னொன்று, தோல்வியைச் சொல்கிற உரைகள். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையை நடத்துகிற கிட்லேப் நிறுவனத்தில், நகல் சர்வரில் செய்ய வேண்டிய அழிப்பை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் செய்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் எடுக்கும் வேலை ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அவர்களே மீட்பு வேலையை நேரலையில் காட்டினார்கள், அப்புறம் விரிவாக எழுதியும் வைத்தார்கள். அதைப் படித்த பிறகுதான் 'பேக்கப் ஓடுகிறது' என்பதும் 'பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தேன்' என்பதும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது. அந்த மாதிரி எழுதுவதும் ஒரு திறன், ஆளைக் குற்றவாளியாக்காமல் நடந்ததை நேர வரிசையில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அதை யாராவது கற்றுக்கொடுக்க முன்வந்தால் இருபது நிமிடம் போதாது, நாற்பது நிமிடமாவது கொடுங்கள்.

தொழில்திறன் உரைகளில் நிறைய மோசமானவையும் வருகின்றன, அதையும் ஒத்துக்கொள்கிறேன். 'வெற்றிக்கு ஏழு வழிகள்', 'உங்களை நம்புங்கள்' போன்றவை. அவற்றைத் தள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே கண்டிப்பைத் தொழில்நுட்ப உரைகளுக்கும் காட்டுங்கள். கையேட்டிலேயே இருக்கிறதை ஸ்லைடில் படித்துக் காட்டுகிற உரையும் அதே ரகம்தான். முன்மொழிவுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள்: 'உங்களுக்கு நடந்த எதை எங்களுக்குக் காட்டப் போகிறீர்கள்?' நிரலில் செய்த மாற்றங்களில் (கமிட்களில்) எது பிழையைக் கொண்டுவந்தது என்று தேடித் தருகிற கிட் பைசெக்ட் பற்றி ஒருவர் பேச விரும்பினால், கட்டளைகளை விளக்குவது ஒரு ரகம். "ஆயிரம் கமிட்டில் எது உடைத்தது என்று மூன்று நாள் கண்ணால் தேடினேன், அப்புறம் பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போய் பத்தே சோதனையில் பிடித்தேன், அந்தக் கமிட் என்னுடையது" என்று சொல்வது வேறு ரகம். இரண்டாவதைக் கேட்டவர் திங்கட்கிழமை வேலையில் அதைச் செய்து பார்ப்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்களில் பலர் இதுவரை மேடை ஏறாதவர்களாக இருப்பார்கள். அதனால் முதல் சுற்றில் பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டு மதிப்பெண் போடுங்கள். நிராகரித்தால் ஒரு வரி காரணம் எழுதுங்கள். எனக்கு ஒருமுறை "இடப் பற்றாக்குறை காரணமாக" என்று மட்டும் பதில் வந்தது, தலைப்பு சரியில்லையா, எழுதிய விதம் சரியில்லையா, நான் புதியவன் என்பதுதான் பிரச்சினையா என்று தெரியாமல் மூன்று வருடம் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. ஒரே ஒரு வரி வந்திருந்தால் அடுத்த வருடமே திருத்தி அனுப்பியிருப்பேன். புதியவர்களுக்கு ஒரு ஒத்திகையும் வையுங்கள், கட்டளை அடிக்கிற டெர்மினல் திரையின் எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்றாவது அதில் பார்த்துவிடலாம்.

அப்புறம் சின்ன அறையிலும் ஒரு மைக்கும் ஒரு ரெக்கார்டரும் வையுங்கள். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குரல் போதும்.

அடுத்த அழைப்பு வரும்போது நானும் ஒரு முன்மொழிவு அனுப்பப் போகிறேன். நான் எழுதிய பத்து மோசமான வழு அறிக்கைகளையும் (பக் ரிப்போர்ட்), அவற்றைப் படித்தவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்விகளையும் அப்படியே வரிசையாகக் காட்டப் போகிறேன். பிடிக்கவில்லையென்றால் ஏன் என்று மட்டும் எழுதுங்கள். முதல் சுற்றில் முன்மொழிவுகளைப் படிக்க ஆள் குறைந்தாலும் சொல்லுங்கள், வாரத்துக்கு இரண்டு இரவு என்னால் ஒதுக்க முடியும்.

அன்புடன்,
சுவரோரம் நின்று கேட்டவன்