எம்74 படத்துக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே எம்74 சுருள் கேலக்ஸியைப் படம் பிடித்தாயிற்று, சுருள் கைகள் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு போய்ச் சேரவேண்டியவர்களுக்காக இந்த மடல்.

முதலில் பக்கத்து வீட்டு ஆச்சி. நம்ம ஊர் அட்சரேகை 10 டிகிரி, அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேலே 10 டிகிரியில்தான் நிற்கும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரம், அவ்வளவுதான். டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்து சுழல அதன் அச்சை அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிறுத்தவேண்டும், அங்கேயோ ஆச்சி வீட்டு வேப்பமரம் மறைத்தது. கேட்டதும், "ஒரு கொப்புதானேப்பா, வெட்டிக்க" என்று சொல்லி ஆளையும் அனுப்பிவைத்தார்கள். அப்புறம் நான் படம் எடுத்த இரவுகளில் எல்லாம் பின்கட்டு விளக்கை அணைத்துவிட்டு, அந்த வயதில் டார்ச்சை வைத்துக்கொண்டு நடமாடினார்கள். ஆச்சி, இதை நான் மறக்கமாட்டேன்.

அந்த இருட்டு இல்லாமல் இந்தப் படம் இல்லை. 1780-ல் பிரெஞ்சு வானியலாளர் பியேர் மெஷேன் கண்டுபிடித்த இந்த கேலக்ஸி சுமார் 3 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நமக்கு நேராக முகம் காட்டி நிற்பதால் அதன் ஒளி அகலமாகப் பரவி, மெசியே என்ற வானியலாளர் தொகுத்த, எம் எண் கொண்ட வான்பொருள்களின் பட்டியலிலேயே மிக மங்கலானவற்றில் ஒன்றாகிவிட்டது. ஒரு தெருவிளக்கு போதும், கைகள் காணாமல் போய்விடும். அந்த விளக்குக்குக் கொல்லைப் பக்கம் மட்டும் தகரத் தடுப்பு மாட்டிக்கொடுத்த லைன்மேன் அண்ணனுக்கும், தகரத்தை அளவாக வளைத்துத்தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்த வெல்டிங் பட்டறை அண்ணனுக்கும் பெரிய நன்றி.

ஐப்பசி கார்த்திகை மழையில் வானமே கிடைக்கவில்லை. தை அமாவாசையை ஒட்டித்தான் தெளிந்தது, ஆனால் தைப்பனி லென்ஸில் படியும். அதைத் தடுக்கும் ஹீட்டர் பட்டையை மதுரை நண்பர் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். இரண்டிரண்டு நிமிடப் படங்களாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் வேலையை, போனிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் திருச்சித் தோழி. டெலஸ்கோப் வாயில் வெள்ளைத்துணியை இழுத்துக்கட்டி, விடியல் வெளிச்சத்தில் ஃபிளாட் படங்கள் (லென்ஸ் தூசியின் நிழலையும் ஓரத்து மங்கலையும் பிறகு நீக்க உதவும் வெற்றுப் படங்கள்) எடுக்கவேண்டும் என்றதும், சலவை வேட்டியை எடுத்து நீட்டினார் அப்பச்சி.

பட்டாலையில் மாட்ட ஆச்சி ஒரு பிரதி கேட்டிருக்கிறார்கள், அச்சுக்குக் கொடுக்கப்போகிறேன். உங்களில் யாருக்கெல்லாம் வேண்டுமோ சொல்லுங்கள், சேர்த்தே போட்டுவிடலாம்.